சிம்கோ ஏரியில் ஐஸ் மீன்பிடி: முதல் தடவையாகக் குடும்பத்தோடு போகிறோம், வழி சொல்லுங்கள்

#1 புதுத்தூண்டில்

எல்லோருக்கும் வணக்கம். பிப்ரவரி மாதக் குடும்ப தின விடுமுறைக்கு அண்ணன் குடும்பமும் நாங்களும் சேர்ந்து ஒன்டாரியோவின் சிம்கோ ஏரிக்கு மீன்பிடிக்கப் போவதாக முடிவு செய்திருக்கிறோம். பெரியவர்கள் நான்கு பேர், பிள்ளைகள் மூன்று பேர். கடைக்குட்டிக்கு ஏழு வயது. கோடையில் ஆற்றங்கரையில் தூண்டில் போட்டுப் பழக்கம் உண்டு. உறைந்த ஏரியில் இதுவரை கால் வைத்ததில்லை.

அந்த விடுமுறை நாட்களில் உரிமம் இல்லாமலே பிடிக்கலாம் என்கிறார்கள், உண்மையா? ஐஸ் மேல் போட்டிருக்கும் குடிலை வாடகைக்கு எடுப்பதா, அல்லது ஒரு கூடாரம் வாங்கிக்கொண்டு நாங்களே நடந்து போவதா? ஏழு பேருக்குக் குடில் வாடகை கையைக் கடிக்கிறது. "ஏரியின் மேல் காரே ஓடுகிறது, நாம் நடப்பதற்கு என்ன பயம்?" என்பது அண்ணனின் வாதம். அனுபவப்பட்டவர்கள் பதில் சொன்னால் உதவியாக இருக்கும். ஸ்காபரோவிலிருந்து அதிகாலையில் கிளம்புவதாகத் திட்டம்.

#2 கடப்பாரை

தம்பி, மற்றதெல்லாம் பிறகு. அண்ணனின் வாதத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆளைக் கொல்வது அந்த நினைப்புதான்.

கார் நிற்கும் இடத்தில் ஓரடி ஐஸ் இருக்கலாம். அங்கிருந்து ஐம்பது எட்டு தள்ளி மூன்று அங்குலம்கூட இல்லாமல் இருக்கலாம். சிம்கோ சின்னக் குளமில்லை, 722 சதுர கிலோமீட்டர். தெற்கே உள்ள குக்ஸ் பே ஆழம் குறைந்தது, அதனால் முதலில் உறையும். மேற்கே பாரி நகரத்தை ஒட்டிய கெம்பன்ஃபெல்ட் பே நாற்பது மீட்டர் வரை ஆழம் போகும், அது கடைசியில்தான் உறையும். ஒரே நாளில் ஒரு பக்கம் மக்கள் குடில் போட்டு உட்கார்ந்திருப்பார்கள், இன்னொரு பக்கம் அலை அடிக்கும். உறைந்த பகுதியிலும் ஆறு வந்து விழும் வாய்களை நம்பவே கூடாது. குக்ஸ் பேயின் தென்கோடியில் ஹாலண்ட் ஆறு கலக்கும் இடத்தில் நீரோட்டம் ஐஸை அடியிலிருந்து அரித்துக்கொண்டே இருக்கும். மேலே பார்த்தால் எல்லாம் ஒரே வெள்ளை.

வெடிப்பு வேறு இருக்கிறது. காற்றின் அழுத்தத்திலும் குளிர் ஏறி இறங்குவதிலும் ஐஸ் பாளம் பாளமாக நகர்ந்து, ஒன்றோடொன்று முட்டி வரப்புப் போல எழும்பி நிற்கும். காலையில் ஒரு தாவலில் கடந்து போன வெடிப்பு மாலையில் பத்தடி அகலத் தண்ணீராகக் கிடக்கலாம். 2009 பிப்ரவரியில் ஈரி ஏரியின் ஒஹாயோ பக்கத்தில் இதுதான் நடந்தது. காற்றில் ஐஸ் பாளம் கரையை விட்டுப் பிரிந்துபோய், நூற்றுக்கும் மேற்பட்ட மீன்பிடிப்பவர்களை மீட்க வேண்டியிருந்தது. ஒருவர் இறந்துபோனார்.

ஐஸைச் சோதிக்க என் பெயரில் இருக்கும் கருவியை விட நல்லது எதுவும் இல்லை. இரண்டு எட்டுக்கு ஒரு தடவை, காலுக்கு முன்னால் கடப்பாரையை ஓங்கி ஒரு குத்து. நல்ல ஐஸ் 'டங்' என்று திருப்பி அடிக்கும், மணிக்கட்டு வரை அதிரும். கெட்ட ஐஸ் 'சொத்' என்று உள்வாங்கும், குத்திய குழியில் தண்ணீர் ஊறும். ஒரே குத்தில் நுனி உள்ளே போனால் அங்கேயே நிற்க வேண்டும். காலை அகட்டி வைத்து, வந்த தடத்திலேயே பின்னால் போக வேண்டும். பக்கத்தில் வேறு பாதை தேடக் கூடாது.

கண்ணாடி போலத் தெளிந்து, கருநீலமாகத் தெரியும் ஐஸ்தான் உறுதியானது. பனி விழுந்து, நனைந்து, மறுபடி உறைந்த வெள்ளை ஐஸுக்கு அதில் பாதி பலம்தான். ஆகவே வெள்ளை ஐஸ் என்றால் கனம் இரண்டு மடங்கு வேண்டும். சாம்பல் நிறமாக இருந்தால் கரையிலேயே நில்லுங்கள். ஆள் நடக்கக் குறைந்தது 15 சென்டிமீட்டர், பனி மோட்டாருக்கு (ஸ்னோமொபைல்) 25 சென்டிமீட்டர் தெளிந்த ஐஸ் வேண்டும் என்பது செஞ்சிலுவைச் சங்கம் சொல்லிவந்த கணக்கு. பழைய ஆட்கள் நான்கு அங்குலம் போதும் என்பார்கள். பிள்ளைகளோடு போகிறவர் அந்தப் பேச்சைக் கேட்க வேண்டாம்.

#3 வடக்குவாசி

உரிமம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒன்டாரியோவில் குடும்ப தின வார இறுதி மூன்று நாட்களும் கனடாவில் வசிப்பவர்கள் உரிமம் இல்லாமல் மீன்பிடிக்கலாம், உண்மைதான். அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். ஆனால் அந்த நாட்களில் உரிமம் இல்லாமல் பிடிப்பவருக்குப் 'பாதுகாப்பு உரிமம்' எனப்படும் சிறிய உரிமத்துக்கான எண்ணிக்கைதான் செல்லும், முழு உரிமத்துக்கு உரியது செல்லாது. அதாவது அந்தப் பகுதியில் மஞ்சள் பெர்ச் மீன் ஆளுக்கு 25. முழு உரிமம் வைத்திருப்பவருக்கு 50.

மற்ற நாட்களில் 18 முதல் 64 வயது வரை உள்ளவர்களுக்கு உரிமம் கட்டாயம். பிள்ளைகளுக்கு எப்போதும் தேவையில்லை.

தூண்டில் போட்டுவிட்டு ஊர் சுற்றக் கூடாது. போட்ட தூண்டில் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், 60 மீட்டருக்குள் நீங்கள் இருக்க வேண்டும். வன அதிகாரிகள் பனி மோட்டாரில் வந்து பார்ப்பார்கள். மரியாதையாகப் பேசுவார்கள், நீங்களும் வாளியைத் திறந்து காட்டுங்கள்.

உயிர் இரை வாங்கினால் ரசீதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஒன்டாரியோவை இரை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள், ஒரு மண்டலத்தில் வாங்கியதை இன்னொன்றுக்குக் கொண்டுபோகக் கூடாது. மிஞ்சிய இரையை ஐஸில் போட்ட ஓட்டைக்குள் கொட்டுவதும் குற்றம். கரைக்குக் கொண்டுவந்து, தண்ணீரிலிருந்து 30 மீட்டருக்கு அப்பால் தரையில் கொட்ட வேண்டும். வேற்று மீன்களும் நோய்களும் ஏரிக்கு ஏரி இப்படித்தான் பரவுகின்றன.

#4 மார்க்கம் மைந்தன்

புதிதாக வருகிறவரை எல்லோரும் சேர்ந்து பயமுறுத்தி வீட்டிலேயே உட்கார வைத்துவிடுவீர்கள் போலிருக்கிறது. நாங்கள் ஒவ்வொரு வருடமும் போகிறோம். சொந்தக் கூடாரம், சொந்தத் துளைப்பான், சறுக்குத் தட்டில் சாமான், முன்னால் போனவர்களின் தடத்தைப் பிடித்துக்கொண்டு நடை. குடில்காரருக்கு ஏன் கொட்டிக் கொடுக்க வேண்டும்? துணிக் கூடாரம் ஏழு சதுர மீட்டருக்குள் இருந்தால் அதைப் பதிவுகூடச் செய்ய வேண்டியதில்லை.

பெர்ச் கூட்டம் கிடைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்தில் வாளி நிறைந்துவிடும். ஏழு பேர் போகிறீர்கள், ஏழு பேர் கணக்கையும் முழுதாகப் பிடித்துக்கொண்டு வாருங்கள். கோடை வரைக்கும் மீன் வாங்க வேண்டாம். சட்டம் கொடுத்த எண்ணிக்கை அது, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

#5 தாதி அக்கா

அவசரப் பிரிவில் வேலை பார்க்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன். மைந்தன் தம்பி, மற்றவர் தடத்தைப் பிடித்துப் போவது சோதனை ஆகாது. அந்தத் தடம் நேற்றையதா, போன வாரத்தையதா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

விழுந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதை எல்லோரும் ஒரு தடவை மனத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் பல ஆண்டுகளாகக் குளிர்நீரில் ஆராய்ச்சி செய்தவர், தானே உறைநீரில் இறங்கிக் காட்டியவர். அவர் சொல்லும் கணக்கு 1-10-1. முதல் ஒரு நிமிடம் மூச்சு நம் வசத்தில் இருக்காது, வாரி வாரி இழுக்கும். அந்த நேரத்தில் தலையை மேலே வைத்துக்கொண்டு மூச்சை அடக்குவது ஒன்றுதான் வேலை. அடுத்த பத்து நிமிடம்தான் கை கால் சொன்னபடி கேட்கும், ஏறி வருவதென்றால் அதற்குள் ஏற வேண்டும். குளிரில் நினைவு தப்புவதற்குச் சுமார் ஒரு மணி நேரம் ஆகும். ஆகவே விழுந்த உடனே செத்துவிடுவோம் என்று பதறுவது தவறு. பதற்றத்தில் அந்தப் பத்து நிமிடத்தை வீணடிக்கிறார்கள், அதுதான் ஆபத்து.

எந்தத் திசையிலிருந்து வந்தீர்களோ அந்தத் திசைக்கே திரும்புங்கள், அந்த ஐஸ்தான் உங்களைச் சுமந்தது. கைகளை ஐஸ் மேல் நீட்டி, காலை நீந்துவது போல உதைத்து, வயிற்றால் வழுக்கி மேலே ஏறுங்கள். ஏறியதும் எழுந்து நிற்காதீர்கள். பாய் சுருட்டுவது போல உருண்டு தள்ளிப் போங்கள். கழுத்தில் தொங்கும் ஐஸ் ஊசி என்று ஒரு சோடி விற்கிறார்கள், கைப்பிடி வைத்த இரண்டு கூர் முனைகள். வழுக்கும் ஐஸில் பிடி கிடைப்பது அதனால்தான். பிள்ளைகள் உட்பட ஆளுக்கொரு சோடி வாங்குங்கள், உடுப்புக்கு மேல் தொங்கவிடுங்கள். பிள்ளைகளுக்கு மிதவை உடுப்பும் போடுங்கள்.

இன்னொருவர் விழுந்தால் ஓடிப் போய்க் கை கொடுக்காதீர்கள், இரண்டு பேராகிவிடும். தரையோடு படுத்து, கயிறோ தடியோ நீட்டுங்கள்.

கூடாரத்துக்குள் கேஸ் அடுப்பு வைக்கிறவர்கள் காற்றுத் துவாரத்தைத் துணி வைத்து அடைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலி, வாந்தி என்று ஒரே நேரத்தில் இரண்டு பேர் சொன்னால் கூடாரத்தை விட்டு வெளியே வந்துவிடுங்கள். பாட்டரியில் ஓடும் சின்ன எச்சரிக்கைக் கருவி ஒன்றை உள்ளே தொங்கவிடுவது உத்தமம்.

#6 புதுத்தூண்டில்

அக்கா, கடப்பாரை அண்ணா, மிக்க நன்றி. உங்கள் பதில்களை அண்ணனுக்கும் அண்ணிக்கும் படித்துக் காட்டினேன். அண்ணி உடனே குடில் பக்கம் சேர்ந்துவிட்டார். குடில் எடுத்தால் அவர்கள் என்ன செய்து கொடுப்பார்கள்? எதையெல்லாம் கேட்டு வைக்க வேண்டும்?

#7 கடப்பாரை

நல்ல குடில்காரர் என்றால் ஐஸின் கனத்தை அன்றன்று காலையில் துளை போட்டுப் பார்த்திருப்பார். தொலைபேசியில் கேளுங்கள்: இன்று எத்தனை அங்குலம், தெளிந்ததா வெள்ளையா, வெடிப்பு எங்கே இருக்கிறது? தயங்காமல் பதில் வந்தால் நம்பலாம். "நிறைய இருக்கிறது, வாருங்கள்" என்று மட்டும் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள். கரையிலிருந்து பனி மோட்டார் இழுக்கும் சறுக்கு வண்டியிலோ, சங்கிலிச் சக்கரம் பூட்டிய பழைய பாம்பார்டியர் வண்டியிலோ கொண்டுபோய் விடுவார்கள். ஓட்டை போட்டு, அடுப்பு மூட்டி, இரையும் கொடுத்துவிடுவார்கள். பிள்ளைகளுக்கு அந்த வண்டிப் பயணமே திருவிழாவாக இருக்கும்.

நாட்காட்டியை நம்பித் தேதி குறிக்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2023-24 குளிர்காலம் கனடாவில் பதிவானவற்றிலேயே மிக வெப்பமானது. அந்தப் பருவத்தில் சிம்கோவில் நம்பி நடக்கும் ஐஸ் பல இடங்களில் அமையவே இல்லை. முன்பணம் கொடுப்பதற்கு முன், ஐஸ் இல்லாவிட்டால் திருப்பித் தருவார்களா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

பெர்ச் பகல் மீன். விடிந்து வெளிச்சம் பரவியதிலிருந்து சாயங்காலம் வரை தின்னும், இருட்டிய பிறகு அசையாது. கூட்டமாக நகரும். ஓர் ஓட்டையில் கால் மணி நேரம் பார்த்தும் தட்டவில்லை என்றால் அடுத்த ஓட்டைக்குப் போங்கள். ஈய முனை வைத்த சின்னத் தூண்டிலைத் தரை தொட இறக்கி, ஒரு சாண் தூக்கி, இரண்டு தடவை மெல்லத் துள்ளவிட்டு அசையாமல் பிடிக்க வேண்டும். அசையாமல் பிடிக்கும் அந்தக் கணத்தில்தான் கொத்தும். பெரிய இழுப்பு இருக்காது. கோல் நுனி ஒரு நெல்மணி அளவு தாழும், இல்லாவிட்டால் தொங்கிக்கொண்டிருந்த நூல் கொஞ்சம் தளரும், அவ்வளவுதான். ஏழு வயதுப் பிள்ளையின் கண் அதைப் பெரியவர்களுக்கு முன்னால் பிடித்துவிடும், பாருங்கள். ஓட்டையின் விளிம்பில் அடிக்கடி ஐஸ் படியும், சல்லடைக் கரண்டியால் அள்ளிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். அந்த வேலைக்குப் பிள்ளைகள் சண்டை போடுவார்கள்.

#8 கரையோரி

எல்லோரும் ஐஸைப் பற்றிப் பேசுகிறீர்கள். மனிதர்களைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும்.

2007-இல் சிம்கோ ஏரியைச் சுற்றிய ஊர்களிலும் வேறு சில இடங்களிலும் ஆசிய முகம் கொண்ட மீன்பிடிப்பவர்களை இரவில் தாக்கி, தண்ணீரில் தள்ளிவிட்ட சம்பவங்கள் வெளியே வந்தன. ஒன்டாரியோ மனித உரிமை ஆணைக்குழு விசாரணை நடத்தி 2008-இல் அறிக்கை வெளியிட்டது. அது பழைய கதை என்று இன்று வருகிறவர்கள் நினைக்கலாம். இன்று நிலைமை எவ்வளவோ தேவலாம், நான் பழகிய வரையில் ஏரியில் இருப்பவர்கள் நல்ல மனிதர்கள். ஆனால் அன்று அந்தத் தாக்குதல்களுக்குச் சாக்காகச் சொல்லப்பட்டது என்ன தெரியுமா? "இவர்கள் சட்டம் மதிப்பதில்லை, அளவுக்கு மேல் அள்ளுகிறார்கள்." ஒருவர் உண்மையிலேயே அள்ளியிருந்தாலும் அவரைக் கேட்க அதிகாரி இருக்கிறார். முகத்தைப் பார்த்துக் கைவைக்க யாருக்கும் உரிமை கிடையாது.

ஆகவே யாராவது தொந்தரவு செய்தால் வாக்குவாதத்தில் இறங்காமல் இடத்தை விட்டு நகர்ந்து காவல்துறையை அழையுங்கள், வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். முறையிடாமல் விடாதீர்கள். அந்த விசாரணை நடந்ததே மக்கள் வாய் திறந்ததால்தான்.

#9 வடக்குவாசி

மைந்தன் சொன்ன 'முழுக் கணக்கையும் பிடி' என்பதைப் பற்றி இரண்டு வார்த்தை. நான் சட்பரிக்கு வடக்கே இருக்கிறேன், இலையுதிர் காலத்தில் வேட்டைக்கும் போகிறவன். அதனால் உயிரை எடுக்கக் கூடாது என்று பேச வரவில்லை.

இங்கே காட்டுக்கோழி, அதாவது ரஃப்டு கிரவுஸ், ஊரார் பேச்சில் பார்ட்ரிட்ஜ், செப்டம்பர் நடுவில் வேட்டைக்குத் திறக்கும். ஒரு நாளைக்கு ஐந்து, கைவசம் மொத்தம் பதினைந்து. விடியற்காலையில் மரம் வெட்டும் மண்பாதைகளுக்குப் பறவை வந்து சரளைக் கல் பொறுக்கும், இரைப்பையில் தீனி அரைக்க அதற்குக் கல் வேண்டும். வண்டியிலிருந்து சுடக் கூடாது. ரவை ஏற்றிய துப்பாக்கி வண்டிக்குள் இருப்பதே குற்றம். இறங்கி, பாதையை விட்டு விலகி, பறவைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்து, அதன் பிறகுதான் தோளில் வைக்க வேண்டும். இதற்கே மத்திய அரசின் துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சி, துப்பாக்கி உரிமம், மாகாணத்தின் வேட்டைக் கல்வி, வெளிப்புற அட்டை, சிறு விலங்கு உரிமம் என்று ஒவ்வொன்றாகத் தாண்டி வர வேண்டும். மான், மூஸ் என்ற பெரிய காட்டுமான் இவற்றின் துப்பாக்கிப் பருவம் நடக்கும்போது நீங்கள் கோழிக்குத்தான் போகிறீர்கள் என்றாலும் செம்மஞ்சள் உடுப்பும் தொப்பியும் போட்டாக வேண்டும், இடுப்புக்கு மேல் 400 சதுர அங்குலம் தெரியும்படி.

மூஸைச் சுட அனுமதிச் சீட்டு கிடைப்பது இன்னும் கடினம். 2021 முதல் புள்ளி முறை. வருடக் கணக்கில் புள்ளி சேர்த்துத்தான் நல்ல சீட்டு கிடைக்கும். வளர்ந்த ஆண் மூஸ் 400 கிலோவைத் தாண்டும். சுடுவது ஒரு நொடி வேலை, அதற்குப் பிறகுதான் நாள் முழுக்க வேலை. அக்டோபர் வெயில் அடித்தால் தோலுக்குள் சூடு நிற்கும், தொடை எலும்பை ஒட்டிய சதைதான் முதலில் கெடும். அதனால் குடலை உடனே எடுத்து, நாலு காலாக வெட்டி, காற்றோட்டமுள்ள துணிப் பையில் போட்டு நிழலில் தொங்கவிட வேண்டும். சாலைக்குத் தூரமாக இருந்தால் ஒவ்வொரு துண்டையும் தோளில் சுமந்து வர வேண்டும். உண்ணத் தக்க இறைச்சியைக் கெட விடுவது சட்டப்படி குற்றம், விற்பதும் குற்றம். சுமக்க ஆள் இல்லாத இடத்தில் சுடாதே என்பதுதான் இங்கே புதிதாக வருகிறவனுக்குச் சொல்லும் முதல் பாடம்.

மீனுக்கும் அதே கணக்குத்தான் என்பது என் கட்சி. ஆளுக்கு 25 என்றாலே ஏழு பேருக்கு 175 பெர்ச். ஒவ்வொன்றையும் சுத்தம் செய்து, தோலுரித்து, வயிற்றெலும்பு எடுக்க வேண்டும். அன்றிரவு யார் உட்கார்ந்து செய்யப்போகிறார்கள்? பாதி மறுநாள் குப்பைக்குப் போவதற்காகப் பிடிக்க வேண்டாம். வீட்டு உறைபெட்டியில் போன வாரத்து மீன் இருந்தால் அதுவும் உங்கள் எண்ணிக்கையில் சேரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

#10 மார்க்கம் மைந்தன்

உறைபெட்டியில் உள்ளதும் கணக்கில் சேரும் என்று இதுவரை யாரும் இங்கே எழுதவில்லை, சொன்னதற்கு நன்றி. ஆனால் அடிப்படையில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எண்ணிக்கையை அரசாங்கம் உயிரியலாளர்களைக் கேட்டுத்தான் வைக்கிறது. பெர்ச் வேகமாகப் பெருகும் மீன். எங்கள் வீட்டில் ஒரு துண்டும் குப்பைக்குப் போவதில்லை, அம்மாவும் மாமியும் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் வாளி காலி. மூஸையும் பெர்ச்சையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

அப்படியே உங்கள் பேச்சைக் கேட்டாலும் என்ன செய்வது? இருபது பிடித்த பிறகு மீதியைப் பிடித்துப் பிடித்து விட்டுவிடலாமா? பிள்ளைகளுக்கு விளையாட்டு வேண்டுமே.

#11 பருத்தித்துறையான்

தம்பி மைந்தன், உங்கள் கடைசிக் கேள்வி மிக நல்ல கேள்வி. அதில்தான் விஷயமே இருக்கிறது.

பெர்ச்சின் காற்றுப்பை மூடிய பை. ஆழத்திலிருந்து விறுவிறென்று இழுத்தால் உள்ளே காற்று விரியும், மீனால் அதை வெளியே விட முடியாது. கண் பிதுங்கும், சில நேரம் இரைப்பை வாய் வழியாக வெளியே வந்து நிற்கும். முப்பது அடிக்கு மேற்பட்ட ஆழத்தில் பிடித்த பெர்ச்சை ஓட்டைக்குள் திருப்பி விட்டால் பல மீன்கள் ஐஸுக்கு அடியிலேயே மிதந்து சாகும், நம் கண்ணுக்குத் தெரியாது. லேக் டிரவுட் என்ற மீன் அப்படி இல்லை. அதன் பைக்கும் தொண்டைக்கும் குழாய் இருக்கிறது, மெதுவாக ஏற்றினால் வழியிலேயே காற்றைக் கக்கிவிடும். ஓட்டைக்குள் பார்த்தால் குமிழி வரும். ஆக, ஆழத்தில் பெர்ச்சைப் பிடித்துப் பிடித்து விடுவது விளையாட்டு ஆகாது. போதுமென்றால் தூண்டிலை எடுத்துவிட வேண்டும், அல்லது பத்துப் பதினைந்து அடி ஆழத்துக்கு இடம் மாற்ற வேண்டும். விடுகிற மீனைக் கடுங்குளிர்க் காற்றில் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள், செவுளும் கண்ணும் உறைந்துவிடும். தண்ணீருக்குள் வைத்தே கொக்கியைக் கழற்றுங்கள்.

நான் கடலோரத்துக் குடும்பம். வலை இழுத்த கைகளைப் பார்த்து வளர்ந்தவன், மீன் தின்னாத நாள் எனக்கு நாளில்லை. அதனால்தான் இந்த ஏரியின் கதை எனக்கு வலிக்கிறது. வயல்களிலிருந்தும் ஊர்க் கழிவுகளிலிருந்தும் பாஸ்பரஸ் வந்து சேர்ந்து, பாசி பெருகி, அது செத்து ஆழத்தில் அழுகி, அடித்தண்ணீரின் ஆக்சிஜனைத் தின்றுவிட்டது. லேக் டிரவுட், வெள்ளை மீன் இரண்டும் கோடையில் அந்தக் குளிர்ந்த ஆழத்தில்தான் வாழ வேண்டும். பெரிய மீன்கள் தாக்குப்பிடித்தன, குஞ்சுகள் தப்பவில்லை. பல பத்தாண்டுகளாகப் பண்ணைக் குஞ்சுகளை விட்டுத்தான் அந்த மீன்பிடிப்பே நடந்துவந்தது. விடும் குஞ்சின் துடுப்பு ஒன்றை நறுக்கி அடையாளம் வைப்பார்கள். நீங்கள் ஒரு டிரவுட் பிடித்தால் எல்லாத் துடுப்பும் முழுதாக இருக்கிறதா என்று பிள்ளைகளிடம் எண்ணச் சொல்லுங்கள். முழுதாக இருந்தால் அது அந்த ஏரியிலேயே பிறந்த மீனாக இருக்கலாம். 2008-இல் ஒன்டாரியோ இந்த ஓர் ஏரிக்கென்றே தனிச் சட்டம் போட்டது. கொஞ்சம் கொஞ்சமாகத் தானாகப் பெருகும் மீன்கள் திரும்பி வருகின்றன. ஹெர்ரிங் மீன்பிடிப்பை 2001-இல் மூடி 2015-இல்தான் திறந்தார்கள். மூடியதால்தான் திறக்க முடிந்தது.

ஏரியின் வடக்கே, குச்சிசிங் ஏரியோடு சேரும் ஆதர்லி நீரிணைப்பில், தண்ணீருக்கடியில் மரக்கழிகள் நட்ட மீன்வேலி இன்னும் இருக்கிறது. நான்காயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழையது, தேசிய வரலாற்றுச் சின்னம். முதற்குடி மக்கள் அத்தனை தலைமுறை அங்கே மீன் எடுத்தும் மீன் தீரவில்லை. ஏரிக்குள்ளேயே ஜோர்ஜினா தீவில் சிப்பேவா மக்கள் இன்றும் வாழ்கிறார்கள். ஐஸ் நமக்கு விளையாட்டுத் திடல், அவர்களுக்குக் குளிர்காலத்தில் கரைக்கு வரும் சாலை. அந்த நீரிணைப்பில் நீரோட்டம் அதிகம், அங்கே ஐஸ் மேல் யாரும் கால் வைக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

சரி, சமையல். பெர்ச் துண்டுக்கு உப்பு, மிளகாய்த்தூள், மஞ்சள், கொஞ்சம் தேசிக்காய்ப் புளி. கால் மணி நேரத்துக்கு மேல் ஊற வேண்டாம், சதை மென்மையானது. அரிசிமாவு தூவிப் பொரித்தால் பிள்ளைகளுக்குக் கொடுத்து மாளாது. தலையும் முள்ளும் போட்டுப் பால் சொதி வையுங்கள், வீடு திரும்பிய குளிருக்கு அதைப் போல வேறில்லை.

#12 தாதி அக்கா

ஐயா சமையல் சொன்னதால் இதையும் சேர்க்கிறேன். ஒன்டாரியோ அரசு ஒவ்வோர் ஏரிக்கும், ஒவ்வொரு மீனுக்கும், அதன் நீளத்துக்கும் ஏற்ப மாதத்துக்கு எத்தனை வேளை உண்ணலாம் என்று வழிகாட்டி வெளியிடுகிறது. இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். மற்ற மீன்களைத் தின்று வளரும் பெரிய டிரவுட், பைக், வால்ஐ போன்றவற்றில் பாதரசம் சேரும். கர்ப்பிணிகளுக்கும் பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும் தனிப் பத்தி இருக்கும், அதைப் பாருங்கள். சின்ன பெர்ச்சில் பொதுவாகக் கவலை குறைவு. பெரிய மீனைப் பிடித்த பெருமையில் பிள்ளைக்குத்தான் முதல் துண்டு என்று ஊட்ட வேண்டாம்.

ஐயாவிடம் ஒரு கேள்வி: சொதிக்குத் தலையைப் போடும்போது செவுளை எடுத்துவிட வேண்டுமா? என் மாமியார் எடுக்கச் சொல்கிறார், அம்மா வேண்டாம் என்கிறார்.

#13 பருத்தித்துறையான்

மாமியார் சொல்வதுதான் சரி, பிள்ளை. செவுளை எடுக்காவிட்டால் சொதி கசக்கும்.

#14 மார்க்கம் மைந்தன்

காற்றுப்பை விஷயம் எனக்குப் புதிது. ஐயா, நாங்கள் போகும் இடம் நாற்பது அடிக்கு மேல். சின்ன மீன்களையெல்லாம் விட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். இந்த வருடம் ஆழம் குறைந்த பக்கம், நீர்ப்புல் விளிம்பில் முயன்று பார்க்கிறோம். எண்ணிக்கை விஷயத்தில் என் கருத்து அப்படியேதான் இருக்கிறது.

#15 புதுத்தூண்டில்

குடில்தான் என்று முடிவாகிவிட்டது. மூன்று பேரிடம் தொலைபேசியில் பேசினோம். ஒருவர் மட்டும் நேற்றும் இன்றும் எத்தனை அங்குலம், எங்கே வெடிப்பு என்று கேட்காமலே சொன்னார். ஐஸ் அமையாவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவதாக மின்னஞ்சலும் அனுப்பிவிட்டார். அண்ணன் இப்போது ஐஸ் ஊசி ஏழு சோடி வாங்கிவிட்டு, வரவேற்பறைக் கம்பளத்தில் பிள்ளைகளுக்கு ஏறிக் காட்டிப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறார். மீன் விஷயத்தில் ஆளுக்கு ஆறு என்று நாங்களே வைத்துக்கொண்டோம், அதற்கு மேல் எங்கள் வீட்டில் யாருக்கும் சுத்தம் செய்யத் தெரியாது.

கடைசியாக ஒன்று: உடுப்பு எப்படி?

#16 கடப்பாரை

பருத்தி உடுப்பு வேண்டாம், நனைந்தால் காயாது. உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழை, நடுவில் ஒரு கம்பளிச் சட்டை, வெளியே காற்றுப் புகாத மேலங்கி. சப்பாத்து ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும், இறுக்கமாக இருந்தால் இரத்தம் ஓடாமல் விரல் விறைக்கும். பிள்ளைகளுக்குக் கையுறை மூன்று சோடி கொண்டுபோங்கள். ஓட்டையில் கை விடாத பிள்ளை இன்னும் பிறக்கவில்லை.

எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று ஊரில் ஒருவருக்கு எழுதி வைத்துவிட்டுக் கிளம்புங்கள். கைப்பேசியை உள்சட்டைப் பையில் உடம்போடு ஒட்டி வையுங்கள், வெளிப்பையில் வைத்தால் குளிரில் பாட்டரி இறங்கிவிடும். வண்டியைக் குடில்காரர் சொல்லும் இடத்தில் மட்டும் நிறுத்துங்கள், குளிர்காலத்தில் ஏரிக்கரைத் தெருக்களில் நிறுத்தினால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். போய் வந்து எத்தனை அங்குலம் ஐஸ் இருந்தது என்று தேதியோடு இங்கே எழுதுங்கள், அடுத்த வாரம் போகிறவர்களுக்கு உதவும்.